சின்னவிரல் மை ஏன் கழுவினால் போவதில்லை?

2024 செப்டம்பர் 21இல் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். நவம்பர் 14இல் பாராளுமன்றத் தேர்தல். இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. கல்குடாவிலும் பட்டிருப்பிலும் பொத்துவிலிலும் பலர் நகத்தில் பழைய கறையோடுதான் இரண்டாவது தடவை வாக்களிக்கப் போயிருப்பார்கள். சவர்க்காரத்துக்கு அசையாத இந்தக் கறை, சில மாதத்தில் தானாகவே காணாமல் போகிறது. அது எப்படி?

பூசியவுடன் தெரியும் ஊதா வெறும் சாயம். அது சீக்கிரம் மங்கிவிடும், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. உண்மையான வேலைக்காரன் வெள்ளி நைத்திரேற்று. உலகெங்கும் தேர்தல் மைகளில் பெரும்பாலும் இதைத்தான் கலக்கிறார்கள். நிறமில்லாத இந்த உப்பு தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆனால் விரலில் பட்டதும் வியர்வையிலுள்ள குளோரைட்டோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளிக் குளோரைட்டாகிறது. வெளிச்சம் படப்பட அதுவும் சிதைந்து, மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள் தோலிலேயே தங்கிவிடுகின்றன. நகைக்கடை வெள்ளி மின்னும். அதே வெள்ளி இவ்வளவு பொடியானால் ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் புகைப்படச் சுருளில் நடந்ததும் இதே இரசாயனம்தான். நவம்பர் மழை இருட்டும் இதைத் தடுக்காது, முகிலைத் தாண்டி வரும் வெளிச்சமே போதும்.

ஆக, கறை என்று நாம் தேய்ப்பது உலோகம். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்கும், வெள்ளியைக் கரைக்காது. தேசிக்காய்ப் புளிக்கும் அந்த வலு இல்லை. மை காயுமுன் வாவித் தண்ணீரில் கையை நனைத்தால் இன்னும் மோசம்: உவரிலுள்ள குளோரைட்டு கறைக்குத்தான் உதவி செய்யும்.

சரி, பிறகு எப்படிப் போகிறது? மை எங்கும் போவதில்லை, அது ஒட்டியிருக்கும் தோல்தான் போகிறது. நம் மேல்தோலின் வெளிப்படை இறந்த கலங்களால் ஆனது. அவை தினமும் உதிர, கீழிருந்து புதியவை மேலே வரும். சில வாரங்களில் அந்தப் படை முழுதும் மாறிவிடும். பெரும்போக விதைப்பில் சேற்றோடு மல்லுக்கட்டுகிறவரின் விரல் இன்னும் வேகமாகத் தெளியும்.

நகத்தின் கதை வேறு. அது உதிராது, நகரும். மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். சின்னவிரலில் அதிலும் கொஞ்சம் மெதுவாக. செப்டம்பரில் நகம் முளைக்கும் அடிப்பகுதியில் பட்ட கறை, நவம்பரில் 5 மில்லிமீற்றர் அளவுக்குத்தான் முன்னேறியிருக்கும். நகவெட்டிக்கு எட்டும்வரை அதற்கு விடுதலை இல்லை. தேர்தல்கள் நெருங்கி வந்தால் மை பூச வேறு விரலைத் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

பச்சை குத்தியது மட்டும் ஏன் ஆயுளுக்கும் நிற்கிறது என்று கேட்கலாம். ஊசி, உதிராத உட்தோலில் மையை இறக்குகிறது. அங்குள்ள நோயெதிர்ப்புக் கலங்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்ளும். ஒரு கலம் இறந்தால் பக்கத்துக் கலம் அந்த மையை வாங்கிக்கொள்ளும். வெள்ளியும் அவ்வளவு ஆழத்துக்குப் போனால் மேனியை விட்டுப் போகாது. வருடக்கணக்காக வெள்ளி கலந்த மருந்து குடித்த சிலரின் தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகி, அப்படியே நின்றுவிட்டது. அதற்கு ஆர்ஜீரியா என்று பெயர். விரல் நுனியில் வைக்கும் ஒரு சொட்டு மையால் அப்படி ஆகாது, பயப்பட வேண்டாம்.