மார்கழிக் கடலும் உப்பேறிய கேமராக்களும்

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் கேமராப் பைகளை மோந்து பார்த்தாலே, எங்கே போய் வந்தவை என்று சொல்லிவிடுவேன். மீன் கவிச்சி அடித்தால் காசிமேடு. இருபது ஆண்டுகளாகச் சென்னையில் இதுதான் தொழில்.

இந்த ஆண்டு முதலில் வந்தது ஓர் இளைஞரின் கேமரா. "லேசாகத் தண்ணீர் பட்டது, சார்" என்றார். அடித்தகட்டைக் கழற்றியதும் உப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. சர்க்யூட் போர்டில் பச்சை பூத்திருந்தது. மெமரி கார்டு மட்டும் பிழைத்திருந்தது. கடைசிப் படத்தைத் திறந்து பார்த்தோம். சாய்ந்த அடிவானம், அதை மறைத்துக்கொண்டு எழும் வெள்ளை நுரை. அவர் நின்றிருந்தது ராயபுரம் பக்கத்துத் தூண்டில் வளைவு ஒன்றின், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர் ஒன்றின், நுனிக் கல்லில். அவருடைய முழங்காலில் கட்டு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

டிசம்பரிலும் ஜனவரியிலும் வெயில் இதமாக இருப்பதால் கடலும் சாதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். கோடையை அஞ்சி வீட்டுக்குள் கிடந்தவர்கள் எல்லோரும் கடற்கரைக்கு நடக்க வருவது இந்த மாதங்களில்தான். ஆனால் சோழமண்டலக் கரைக்கு இது வடகிழக்குப் பருவக்காற்றின் காலம். வாடைக் காற்று அலையைக் கரைப்பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும். எங்கோ நடுக்கடலில் அடித்த காற்றின் அலை, வானம் தெளிந்த பிறகும் இங்கே வந்து மோதும். 2022 நவம்பர் இறுதியில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள்; இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. புயலன்று யாரும் படம் எடுக்கப் போவதில்லை, சரி. எனக்குப் பயம் புயல் கடந்த மறுநாள் காலையைப் பற்றித்தான். மேகம் அன்றைக்கு அள்ளிக்கொடுக்கும். கடலோ இன்னும் அடங்கியிருக்காது.

"ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போனேன், அலை கல்மேல் ஏறவே இல்லை" என்றார் அந்த இளைஞர். பொய்யில்லை. அலைகள் கூட்டமாக வரும். சின்ன அலைகளாகப் பத்து நிமிடம் போகும், பிறகு பெரியவை மூன்று நான்கு சேர்ந்து வரும். அதனால் நான் கடற்கரைக்குப் போனால் முதல் இருபது நிமிடம் கேமராவைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. கல்லின் நிறத்தைப் பார்ப்பேன். ஈரத்தில் கறுத்திருக்கும் கல்வரை அலை சற்றுமுன் வந்து போயிருக்கிறது என்று பொருள். பச்சை படர்ந்த கல் என்றால் அடிக்கடி வருகிறது. இரண்டிலும் கால் வைப்பதில்லை. தூண்டில் வளைவில் இன்னொரு தொல்லையும் உண்டு: அதன் பக்கவாட்டிலேயே தண்ணீர் கடலுக்குள் இழுக்கும். விழுந்தவர் கல்லைப் பிடித்து ஏறலாம் என்று நினைப்பார்; அலை அவரை அதே கல்லில் அறையும்.

இதைவிட முக்கியமானது, கேமராக்காரன் என்பதால் எனக்குத் தெரிந்த ஒன்று. கடல் குடித்து என்னிடம் வரும் கேமராக்களில் பெரும்பாலும் மாட்டியிருப்பது அகலக்கோண லென்ஸ். அது பக்கத்துப் பொருளைத் தள்ளிக் காட்டும். பத்தடியில் எழுந்த அலை, கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது முப்பதடிக்கு அப்பால் இருப்பதுபோலத் தெரியும். இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்று தோன்றும். மறு கண்ணை மூடிக்கொண்டிருந்தால் தூரத்தைச் சரிபார்க்க வேறு வழியும் இல்லை. திரையைப் பார்த்துக் கைப்பேசியில் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். எனவே துணைக்கு ஒருவர் வேண்டும்; அவர் படம் எடுக்கக் கூடாது, கடலை மட்டும் பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் துறைமுகத்தில் எந்த எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் பாருங்கள். அதைவிட எளிய வழி, குப்பத்துப் படகுகளைப் பார்ப்பது. ஏற்ற பருவத்திலும் ஃபைபர் படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்தால், ஏன் என்று அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். காசிமேட்டு ஏலத்தில் யாரையும் கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். அங்கே நிற்பவர்கள் காட்சிப்பொருள் அல்ல, வியாபாரத்தில் இருக்கிறார்கள். ஜனவரி முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர்ப் பக்கம் பங்குனி ஆமைகள் இரவில் முட்டையிடக் கரையேறும். ஃபிளாஷ், டார்ச் இரண்டும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.

இனி என் மேசை விஷயம். ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் பையிலேயே வைத்திருங்கள், தானே போய்விடும். உப்புத் தூவல் காய்ந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தால் அதன் மேற்பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். டிரைபாட் கால்களை வீட்டுக் குழாயில் கழுவிக் காயவிடுங்கள். பையையும் லென்ஸையும் ஈரத்தோடு அலமாரியில் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

கேமரா கடலில் விழுந்தே விட்டால் பேட்டரியை உடனே கழற்றுங்கள். இயங்குகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்க்கும் ஆசைதான் அதைக் கொல்கிறது. உப்புநீரில் மின்சாரம் ஓடினால் செம்பு நிமிடங்களிலேயே அரிக்கத் தொடங்கும். அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். அரிசி உப்பை எடுக்காது, மாவுதான் உள்ளே போகும். போன வாரம் ஒரு கேமராவின் சார்ஜர் துளையிலிருந்து இடுக்கி வைத்து ஒரு பொன்னி அரிசியை எடுத்தேன். பாதி வெந்த மாதிரி ஊறியிருந்தது.