மைண்ட்செட்: மனநிலையா, மனப்பான்மையா, மனப்பாங்கா?

வெற்றி, தலைமை, முன்னேற்றம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் இன்று 'மைண்ட்செட்' என்ற சொல் வந்துவிடுகிறது. தமிழில் எழுத உட்காருபவர்கள் அதற்கு முதலில் எடுப்பது 'மனநிலை'. அது பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனநிலை பொழுதுக்குப் பொழுது மாறும். காலையில் சோர்வு, மாலையில் உற்சாகம். மைண்ட்செட் இரண்டு பொழுதுக்கும் அடியில் எளிதில் மாறாமல் கிடப்பது. சோர்ந்து கிடக்கும்போதும் 'இதைக் கற்றுக்கொண்டுவிடலாம்' என்று நம்புகிறவர் உண்டு; உற்சாகமாக இருக்கும்போதும் 'கணக்கு எனக்கு வராது' என்று ஒதுங்குகிறவரும் உண்டு.

சொல்லின் சிக்கல் அதன் பின்பாதியில் இருக்கிறது. 'செட்' என்றால் இங்கே தொகுதி அல்ல. அலாரத்தை ஐந்து மணிக்குத் திருப்பி வைத்துவிட்டுப் படுக்கிறோமே, அந்த 'செட்'. அதாவது, நிகழ்வு வருவதற்கு முன்பே மனம் ஒரு பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிய கல்வியாளர்களும் உளவியலாளர்களும் இந்தப் பொருளில்தான் சொல்லைப் புழங்கினார்கள். அதே துறையில் ஜெர்மானியர்கள் 'ஐன்ஷ்டெல்லுங்' என்றார்கள். ஒரு கருவியைத் தேவைக்கேற்பத் திருப்பி வைப்பதற்கும் மனிதரின் நோக்குக்கும் அவர்களிடம் அது ஒரே சொல்.

முன்பே திருப்பி வைக்கப்பட்ட மனம் என்ன செய்யும் என்பதை 1942இல் உளவியலாளர் ஆபிரகாம் லுச்சின்ஸ் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மூன்று குடுவைகள், கொள்ளளவு 21, 127, 3. இவற்றைக் கொண்டு 100 அளவு நீர் எடுக்க வேண்டும். பெரிய குடுவையை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒருமுறையும் 3ஐ இருமுறையும் கழித்தால் விடை வந்துவிடும். இதே வழியில் தீரும் கணக்குகளைத் தொடர்ந்து கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 என்ற குடுவைகளில் 20 எடுக்கச் சொன்னார். 23இலிருந்து 3ஐக் கழித்தால் முடிந்தது. ஆனால் பழகியவர்களில் மிகப் பலர் 49இல் தொடங்கி, பழைய நீண்ட வழியிலேயே போனார்கள். முன்பயிற்சி இல்லாதவர்களோ குறுக்குவழியை எளிதாகக் கண்டார்கள்.

தலைமையில் இருப்பவர்கள் இந்தக் குடுவைகளை மறக்கவே கூடாது என்று நினைக்கிறேன். அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததே ஏதோ ஒரு வழியில் கிடைத்த வெற்றிகள்தான். அந்த வழியே அவர்கள் மனத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துவிடுகிறது. சூழல் மாறிய பிறகும் கை தானாகப் பெரிய குடுவையை நோக்கிப் போகிறது.

சொல்லைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர் அமெரிக்க உளவியலாளர் கேரல் டுவெக். திறமை பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டது என்று நம்பும் மனம் ஒன்று. உழைப்பாலும் பயிற்சியாலும் அது வளரும் என்று நம்பும் மனம் மற்றொன்று. இப்படி அவர் பிரித்தார். கிளாடியா முல்லருடன் சேர்ந்து 1998இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், கடினமான புதிர்களில் ஒருமுறை தோற்ற பிறகு, முதலில் தீர்த்தவை போன்ற எளிய புதிர்களிலும் தடுமாறினார்கள். தம் மதிப்பெண்ணைப் பிறரிடம் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் அப்படி மறைக்க வேண்டிய தேவையை அவ்வளவாக உணரவில்லை. ஒரு நிறுவனத்தில் தவறுகள் ஏன் மேலிடம் வரை வந்து சேர்வதில்லை என்ற கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. 'திறமைசாலி' என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டியவர் தம் பிழையை எப்படி எடுத்துச் சொல்வார்?

இதை மந்திரமாக ஆக்கிவிடவும் கூடாது. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான பெரிய ஆய்வில், திறமை வளரும் என்று கற்றுக்கொடுத்த பிறகு பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது உண்மை. ஆனால் அந்த உயர்வு சிறியது.

இனி தமிழுக்கு வருவோம். பரவலாக இருப்பது 'மனப்பான்மை'. பால் என்ற சொல்லோடு 'மை' சேர்ந்து 'பான்மை' ஆனது. பால் என்றால் பகுப்பு, பங்கு. பெரும்பான்மை, சிறுபான்மை என்பவற்றில் அந்தப் பொருள் இன்னும் தெரிகிறது. ஒருவருக்கென்று பகுத்து வைக்கப்பட்டது என்பதால் பாலுக்கு ஊழ் என்ற பொருளும் உண்டு. 'பரியினும் ஆகாவாம் பாலல்ல' என்று திருக்குறளின் ஊழ் அதிகாரம் அதைத்தான் சொல்கிறது. மாற்றக்கூடியது என்று வலியுறுத்த வேண்டிய ஒன்றுக்கு, விதியின் சாயல் படிந்த பெயர்! போதாக்குறைக்கு 'தாழ்வு மனப்பான்மை' வழியாக அந்தச் சொல் வேறொரு கருத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'மனப்போக்கு' அழகான சொல்தான். போ என்ற வினையின் அசைவு அதில் இருக்கிறது. ஆனால் அது மக்கள் கூட்டத்தின் நகர்வையோ காலத்தின் திசையையோ சொல்லவே நன்றாகப் பொருந்துகிறது. 'மனத்திட்பம்' வேறு, அது எடுத்த வினையில் உறுதி. தவறான வழியிலும் திட்பமாக நிற்க முடியும்.

என் தேர்வு 'மனப்பாங்கு'. பாங்கு என்றால் ஒழுங்கு, முறை, பக்கம். மனம் எப்படி ஒழுங்குபட்டு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதை 'செட்'டுக்கு மிக நெருக்கமாக அது சொல்லிவிடுகிறது. இலங்கைத் தமிழில் ஏற்கெனவே வேரூன்றிய சொல்லும்கூட.

டுவெக் பிரித்த இரண்டு பாங்குகளும் தமிழுக்குப் புதியவை அல்ல. 'நுண்ணிய நூல்பல கற்பினும் மற்றுந்தன் உண்மை யறிவே மிகும்' என்பது 373ஆம் குறள். எவ்வளவு படித்தாலும் வாய்த்த அறிவுதான் மிஞ்சும் என்கிறது. 23 குறள்கள் தள்ளி, 'தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு'. தோண்டத் தோண்ட ஊறும் என்கிறது. ஒரே நூலுக்குள் இரண்டு நோக்கும் எதிரெதிரே நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் வியப்பு வருகிறது.

திறமை வளரும் என்று நம்பும் மனத்தை 'வளர்ச்சி மனப்பான்மை' என்று இப்போது எழுதுகிறார்கள். இரண்டு பெயர்ச்சொற்கள் ஒட்டாமல் நிற்கின்றன. 'வளர்மனப்பாங்கு' என்று வினைத்தொகையாக்கினால் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று முக்காலமும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். இந்தக் கருத்துக்கு வேண்டியதும் அதுதான். எதிர்ச்சொல்லாக, உறைந்து நிற்பது என்ற பொருளில் 'உறைமனப்பாங்கு' என்று வைத்துக்கொள்ளலாம். 'புதிய தலைவரின் உறைமனப்பாங்கு குழுவைத் தடுமாற வைத்தது', 'பிழையை ஒப்புக்கொண்ட இடத்தில் அவருடைய வளர்மனப்பாங்கு தெரிந்தது' என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். தடையின்றி ஓடுகிறது.