பட்டும் படாமலும் பிடிக்க வேண்டிய படிகம்

பழைய சர்க்யூட் போர்டு ஒன்றிலிருந்து கழற்றிய கிரிஸ்டல், அதாவது மின்சுற்றுக்குச் சீராகத் தாளம் போட்டுக் கொடுக்கும், இரண்டு கால் வைத்த அந்தப் பளபளப்பான தகர டப்பி, சும்மா கிடந்தது. அரத்தால் விளிம்பைச் சுற்றிலும் ராவித் திறந்து பார்த்தேன். உள்ளே சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ் படிகத்தால் ஆன ஒரு வட்டத் தகடு, இரு முகத்திலும் நடுவே உலோகப் பூச்சு. மெல்லிய வில்கம்பிகள் இரண்டு எதிரெதிர் விளிம்பில் ஆளுக்கொரு பக்கமாக அதைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. ஊதினால் ஆடுகிறது. துல்லியத்துக்குப் பேர்போன ஒரு பொருளை இவ்வளவு தொளதொளவென்றா பொருத்துவார்கள் என்று முதலில் தோன்றியது, அப்புறம்தான் புரிந்தது, அந்தத் தொளதொளப்பில்தான் விஷயமே இருக்கிறது.

குவார்ட்ஸை அழுத்தினால் அதன் பரப்பில் மின்னூட்டம் தோன்றும் என்று ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டுபிடித்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் குவார்ட்ஸ் நெளியும் என்ற மறுபக்கம் அடுத்த ஆண்டே உறுதியானது. நான் திறந்த டப்பிக்குள் இருக்கும் தகட்டுக்கு மாறு மின்னழுத்தம் கொடுத்தால் அதன் மேல் முகமும் கீழ் முகமும் எதிரெதிராக வழுக்கி வழுக்கி ஆடும். ஆடும் வேகத்தைத் தீர்மானிப்பது தகட்டின் தடிமன். 10 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், அதாவது நொடிக்கு ஒரு கோடி தடவை ஆட வேண்டுமென்றால், தடிமன் கிட்டத்தட்ட 0.17 மில்லிமீட்டர்.

நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்ற இந்த எண், அதாவது அதிர்வெண், எவ்வளவு மாறாமல் நிற்க வேண்டும்? பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு பிபிஎம் பிசகினால் நாளுக்கு 0.086 நொடி தப்பும். 20 பிபிஎம் என்றால் மாதத்துக்கு ஐம்பது நொடிக்கு மேல். சுவர்க்கடிகாரத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஜிபிஎஸ் ரிசீவரில் முடியாது, அங்கே அரை பிபிஎம் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

வெப்பம் ஏறினால் குவார்ட்ஸின் விறைப்பும் மாறும், அளவும் மாறும். அதிர்ஷ்டவசமாக, படிகத்தை எந்தக் கோணத்தில் அறுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த மாற்றங்களை ஒன்றோடொன்று கழித்துவிட முடியும். 35 பாகை 15 நிமிடக் கோணத்தை ஒட்டி அறுத்தால் அறை வெப்பநிலைப் பக்கம் அதிர்வெண் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். 1930-களில் வந்த இதற்கு ஏடி வெட்டு என்று பெயர். இன்றும் அதிகம் புழங்குவது இதுதான். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் அந்தரத்தில் தொங்கும் படிகத்துக்குத்தான் பொருந்தும். அந்தரத்தில் யாரும் படிகத்தை விற்பதில்லை, அதை ஒரு டப்பிக்குள் ஒட்டியாக வேண்டும், தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்றைய போன்களில் இருக்கும் கிரிஸ்டல்களில் வில்கம்பிக்கு இடமே இல்லை. பெட்டியே ஓரிரண்டு மில்லிமீட்டர் செராமிக். அதன் அடியில் இரண்டு பொட்டுப் பசை, வெள்ளித் துகள் கலந்தது, மின்சாரமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அதன்மேல் படிகத் தகட்டை வைத்து, அடுப்பில் வைத்துப் பசையை இறுக வைப்பார்கள். 200 டிகிரியில் இறுகியது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சூட்டில் பசை, படிகம், பெட்டி மூன்றுக்கும் சண்டையே இல்லை. ஆறும்போதுதான் சண்டை. செராமிக் ஒரு டிகிரிக்குச் சுமார் 7 பிபிஎம் சுருங்கும். குவார்ட்ஸ் திசைக்குத் திசை வேறு மாதிரி: எக்ஸ் அச்சில் 13.5 பக்கம், அதற்குச் செங்குத்தான இசட் அச்சில் 7.5 பக்கம். இரண்டு பொட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் தூரம், இரண்டும் எக்ஸ் அச்சு நெடுக இருந்தால், 25 டிகிரிக்கு ஆறும்போது படிகம் தன் பெட்டியைவிட ஒரு மைக்ரானுக்குச் சற்று அதிகமாகச் சுருங்கப் பார்க்கும். பசை விடாது. படிகம் இழுபட்ட நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது.

ஒரு மைக்ரான்தானே என்று விட முடியாது. தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுகிற மாதிரி, இழுபட்ட படிகத்தின் அதிர்வெண்ணும் நகரும். நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, வெப்பநிலையைப் பார்த்துப் பிழையைத் திருத்துகிற சிப் இருக்கிறது, எந்த வெப்பநிலையில் எவ்வளவு பிழை என்ற வளைவரையை அதற்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆனால் பசை மெதுவாக இளகிக் கொடுக்கும் பொருள். சூடாகி 40 டிகிரியைத் தாண்டும்போது ஒரு அதிர்வெண், ஆறி அதே 40-க்கு வரும்போது இன்னொரு அதிர்வெண். ஒரே வெப்பநிலைக்கு இரண்டு விடை என்றால் சிப் எதைத் திருத்தும்? என்னைக் கேட்டால், இந்த வேலையில் உண்மையான எதிரி இதுதான். போதாததற்கு, போர்டில் பற்றவைக்கும்போது மொத்தப் பெட்டியும் 250 டிகிரி வரை போய் வரும், அப்போது இறுக்கம் மறுபடி கலைந்து புதிதாக அமரும்.

இனி வைத்தியம். முதலாவது, தகட்டின் ஒரு முனையில் மட்டும் ஒட்டுவது. மறு முனை அந்தரத்தில் இருப்பதால் நீளவாக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் நீண்டு சுருங்கிக்கொள்ளும், கேட்க ஆளில்லை. நீளம் எக்ஸ் அச்சில் வரும்படி தகட்டை அறுத்தால் இரண்டு பொட்டும் குறுக்குவாட்டில் அமைகின்றன. அந்தத் திசையில் குவார்ட்ஸ் விரிவது 9.5 பிபிஎம் அளவுக்குத்தான், ஆகவே செராமிக்கோடு உள்ள தகராறு பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. செலவில்லாமல் கிடைக்கும் லாபம். பொட்டுகளை இன்னும் நெருக்கி வைத்தால் இன்னும் நல்லது, ரொம்ப நெருக்கினால் வெள்ளிப் பசை ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகிவிடும்.

அடுத்தது பசை. எபாக்சி என்ற கெட்டியாக இறுகும் பசைக்குப் பதில் சிலிக்கோன் போட்டால் ரப்பர் மாதிரி இழுவையைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் தகடும் அதே ரப்பர்மேல்தானே நிற்கிறது! போன் கீழே விழுந்தால் அந்தர முனை துள்ளிப் பெட்டியின் அடியில் இடிக்கும். அதோடு பசையிலிருந்து கசியும் ஆவி படிகத்தின்மேல் படிந்தால் எடை கூடி அதிர்வெண் இறங்கும்.

பெட்டியையே குவார்ட்ஸில் செய்துவிடலாம், அப்போது எல்லாம் சேர்ந்தே விரியும், ஆனால் அச்சுகளையும் திசை தவறாமல் பொருத்த வேண்டும். படிகத்தை இரண்டாவதாக இன்னொரு கோணத்திலும் சாய்த்து அறுக்கும் எஸ்சி வெட்டும் இருக்கிறது, 1970-களில் வந்தது, தகட்டின் தளத்தில் வரும் இறுக்கத்துக்கு அது அவ்வளவாக அசைந்து கொடுக்காது. விலை கூடும் என்பதால் வெப்பநிலை மாறாத சின்ன அடுப்புக்குள் வைத்து இயக்கும் உயர்ரக ஆஸிலேட்டர்களில், அதாவது படிகத்தை ஆட வைக்கும் சுற்றுகளில்தான் அதைப் பார்க்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு வழி: ஒட்டும் பகுதிக்கும் ஆடும் பகுதிக்கும் நடுவே படிகத்திலேயே ஒரு பிளவை வெட்டிவிடுவது. சிப் செய்வதுபோல ஒளியால் வடிவம் பதித்து, ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் அரித்து எடுப்பார்கள். பசைப் பொட்டிலிருந்து கிளம்பும் இழுவை நேரே போக வழியில்லாமல், பிளவைச் சுற்றிக்கொண்டு ஒடுக்கமான கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும். போகும் வழியில் கழுத்து வளைந்துகொடுத்துப் பாதிக்கு மேல் தின்றுவிடலாம், ஆடும் இடத்துக்கு மிச்சம்தான் வந்து சேரும். கழுத்தை எவ்வளவு மெலிதாக்குவது என்பதில்தான் இழுபறி, ரொம்ப மெலிந்தால் விழும்போது முறியும்.

கைக்கடிகாரத்தில் தீக்குச்சித் துண்டு மாதிரி ஒரு வெள்ளி உருளை இருக்குமே, அதற்குள் நொடிக்கு 32,768 தடவை ஆடும், இரண்டு கை வைத்த கவட்டை வடிவ குவார்ட்ஸ் இசைக்கவையிலும் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம்: பல வடிவங்களில், இரண்டு கைகளும் சேரும் அடிப்பகுதிக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெட்டு. நான் திறந்த டப்பியில் தகரக் காலோடு நின்ற அந்த வில்கம்பி, இங்கே குவார்ட்ஸுக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது.