த்ராம்பெக்டமி: தமிழில் எப்படிச் சொல்வது?

பக்கவாதம் வந்தவரின் மூளைத் தமனியை அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் குழாய் விட்டு வெளியே எடுப்பதுதான் த்ராம்பெக்டமி. கிரேக்கத்தில் 'த்ராம்போஸ்' என்றால் கட்டி. உறைந்த ரத்தத்துக்கும் திரைந்த பாலுக்கும் அதே சொல். நமக்கும் அப்படித்தான்: பாலுக்கு உறை ஊற்றுகிறோம், ரத்தமும் உறைகிறது. 'உறை' கையில் இருக்கும்போது வேறு வேர் தேட வேண்டியதில்லை.

இடறுவது 'எக்டமி'. அதன் பொருள் வெட்டி எடுத்தல். டான்சிலுக்கும் குடல்வாலுக்கும் அது சரி. இங்கே மண்டையோட்டைத் திறப்பதே இல்லை. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, கட்டியை வலை போன்ற ஸ்டென்ட்டில் சிக்கவைத்தோ உறிஞ்சியோ இழுத்துவிடுகிறார்கள். அதனால் 'அறுவை' வேண்டாம், 'நீக்கம்' போதும்.

பேச்சில் புழங்கும் 'ரத்தக்கட்டு' எனக்கு ஒப்பவில்லை. முழங்காலை இடித்துக்கொண்டு கன்றிப்போனாலும் ரத்தக்கட்டுதானே! "மூளையில கட்டி எடுத்தாங்க" என்றாலோ, கேட்பவர் புற்றுநோய் என்றே நினைத்துக்கொள்வார். என் தேர்வு 'உறைகட்டி நீக்கம்'.

அதற்குப் பிறகான வாழ்க்கையைப் பேச வரும்போதுதான் தமிழாக்கம் இன்னும் வழுக்குகிறது. 'ஃபங்ஷனல் இண்டிபெண்டன்ஸ்' என்பதைச் 'செயல்சார் சுதந்திரம்' என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. பக்கவாதத்துக்குப் பிறகு எவ்வளவு முடக்கம் மிஞ்சியிருக்கிறது என்பதை மருத்துவர்கள் ராங்கின் அளவுகோலில் 0 (குறையே இல்லை) முதல் 6 (இறப்பு) வரை மதிப்பிடுவார்கள். 2 வரை இருந்தால் அந்தப் பெயர். 2-இல் இருப்பவர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார், கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவார். ஆனால் முன்பு பார்த்த வேலைகளில் சிலவற்றைப் பார்க்க முடியாது. 'தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை' என்றால் பாட்டிக்கும் புரியும். நெதர்லாந்தின் எம்.ஆர். க்ளீன் ஆய்வில் 2 ஆண்டு கழித்து இந்த நிலையில் இருந்தவர்கள், இச்சிகிச்சைக் குழுவில் 37.1 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 23.9.

'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்றதும் 'வாழ்க்கைத் தரம்' என்று எழுதிவிடுகிறோம். அது வீடு, வண்டி, வருமானத்தைச் சொல்லும் சொல். அந்த ஆய்வு கேட்டதோ நடமாட்டம், குளித்து உடுத்துவது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை ஆகிய ஐந்தைப் பற்றி. 'வாழ்நலம்' என்றால் இவை அடங்கும். முழு நலத்துக்கு 1 என்ற அந்தக் கணக்கில் இச்சிகிச்சைக் குழுவின் சராசரி 0.48, மற்றவர்களுடையது 0.38.