சிவப்புப் பென்சிலும் செம்பனை ஓரமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதி) பெரிய சாலைக்கும் நடுவே ஒரு குறுக்குப் பாதை ஓடுகிறது. ஒரு பக்கம் கடைசி வரிசை வீடுகளின் பின்சுவர், மறுபக்கம் செம்பனை. நடந்தால் ஏழு நிமிடம். தார் போட்டிருக்கிறார்கள், நடுவழியில் விளக்குக் கம்பமும் உண்டு. பகலில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் பறக்கும் அந்தப் பாதையில், பொழுது சாய்ந்தபின் ஒரு பெண்ணைக் காண்பது அரிது. அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எப்போது, யாருக்கு என்று கேட்டால் கதை மெல்லத் தேய்ந்துபோகும்.

போன பள்ளி விடுமுறையில் ஒரு விளையாட்டு செய்து பார்த்தேன். தாமானைப் பெரிய தாளில் கையால் வரைந்து, நகலெடுத்து, மூன்று பேரிடம் ஆளுக்கொரு சிவப்புப் பென்சிலோடு கொடுத்தேன். பயமாக இருக்கும் இடத்தைத் தீட்ட வேண்டும், அவ்வளவுதான். எண்பத்து மூன்று வயதுப் பாட்டி, வீட்டையும் மாரியம்மன் கோயிலையும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிட்டார். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்கா குறுக்குப் பாதையையும், ஃபிளாட் மாடிப்படிகளையும், பஸ் நிற்கும் இடத்தின் பின்பக்கத்தையும் அழுத்தித் தீட்டினார். பத்தொன்பது வயது அத்தை மகன் ஒரே ஒரு சந்திப்பில் புள்ளி வைத்தான். “அங்கதான் போலீஸ் ரோட் பிளாக் போடுவாங்க. எனக்கு லைசென்ஸ் இல்ல.”

மூன்று பேரை வைத்து ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் இதே வேடிக்கையைக் குற்றவியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகப் பெரிய கருத்தாய்வுகளில் பார்த்து வருகிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தெரு வன்முறையில் அதிகம் அடிபடுகிறவர்கள் இளைஞர்கள். அதிகம் பயப்படுகிறவர்கள் பெண்களும் முதியவர்களும். குற்றத்தின் அளவு ஒன்று, பயத்தின் அளவு வேறொன்று. இரண்டும் கைகோத்து நடப்பதில்லை.

நம் நாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பதிவான குற்றக் குறியீட்டு வழக்குகள் 2019-இல் 83,456. கொவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த 2020-இல் 65,623. 2022-இல் 50,813 வரை இறங்கி, 2023-இல் 52,444 ஆனது. நான்கு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எங்கள் தாமானில் எந்த வீட்டிலாவது கிரில் கதவின் இரண்டாவது பூட்டைக் கழற்றினார்களா? இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் குறியீட்டில் வன்முறையும் சொத்துக் குற்றங்களும்தான் அடங்கும், அதுவும் போலீசில் புகார் ஆனவை மட்டும். ‘மக்காவ் ஸ்கேம்’ போன்ற போன் மோசடி இதில் வராது. பாட்டிக்கு உண்மையிலேயே நேரக்கூடிய குற்றம் அதுதான் என்று நினைக்கிறேன். அது வரும் வழியான போன், அவர் சிவப்புத் தீட்டாமல் விட்ட வீட்டுக்குள் டிவி மேல் கிடக்கிறது.

அக்கா தீட்டிய பாதைக்கு வருவோம். ஆங்கிலேயப் புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எந்த உயிரும் தான் பிறரைப் பார்க்கக்கூடிய, தன்னைப் பிறர் பார்க்க முடியாத இடத்தைத்தான் விரும்பும் என்பது அது. பதுங்கிக்கொண்டே எட்டிப் பார்க்க வசதியான இடம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எனக்கு மறைவிடமாகும் புதர், என்னைப் பிடிக்க நிற்பவனுக்கும் மறைவிடம்தான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் போனி ஃபிஷரும் ஜாக் நாசரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பரிசோதித்தது. வளாகத்தில் ஒரு கலைமையத்தைச் சுற்றி மாணவர்கள் எங்கே அஞ்சுகிறார்கள் என்று பார்த்தார்கள். முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமை, ஒருவன் ஒளிய இடமிருத்தல், தப்பி ஓட வழியில்லாமை, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பயம் உச்சம். எங்கள் குறுக்குப் பாதையில் மூன்றும் உண்டு. பாதை வளைகிறது, செம்பனை மறைக்கிறது, மறுபக்கச் சுவரில் ஒரு கதவுகூட இல்லை.

இந்த இடத்தில் தோட்டத்துக்காரர்களுக்கு மட்டும் புரியும் ஒரு சங்கதி இருக்கிறது. முன்பு அங்கே நின்றது ரப்பர். ரப்பர் நிரை நேர்க்கோடு; அடிமரம் மொழுமொழுவென்று இருக்கும், இலையெல்லாம் மேலே. நிரைக்கு நிரை ஊடுருவிப் பார்க்கலாம். இளம் செம்பனையோ தரையைத் தொடுகிற மட்டைகளோடு நிற்கும். வளர்ந்த பிறகும் வெட்டிப் போட்ட மட்டைக் குவியல்கள் நிரைகளுக்கு நடுவே கிடக்கும். எலி வரும், எலியைத் தேடி நாகம் வரும்.

மரத்தைவிட வேலை நேரம் இன்னும் முக்கியம். பால்மரம் வெட்டுவது, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுப்பது, விடியலுக்கு முன். வெயில் ஏறினால் மரம் நீரை இலை வழியே இழக்கும், பால் குழாய்களின் உள்ளழுத்தம் குறையும், பால் சரியாக வடியாது. அதனால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஆணும் பெண்ணும் இருட்டிலேயே நிரைக்குள் இறங்குவார்கள். அந்த இருட்டு ஆள் நடமாட்டம் உள்ள இருட்டு. பாட்டி பதினாறு வயதிலிருந்து அப்படித்தான் வேலைக்குப் போனார். செம்பனைக்குக் குலை வெட்டுவது பகலில், ஓரிடத்துக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் அங்கே ஈ காக்கை இல்லை. பயிர் மாறியபோது மரம் மட்டும் மாறவில்லை, இருட்டிலிருந்த கண்களும் போய்விட்டன. நகரத் தெருக்களைக் காப்பது போலீசைவிடக் கடைக்காரரும் சன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவரும்தான் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் எழுதினார். அவர் பார்த்தது நியூயார்க். நெற்றி விளக்கைப் பார்த்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார்.

சரி, பாதையில்தான் விளக்குக் கம்பம் இருக்கிறதே? அதன் அடியில் போய் நின்று பாருங்கள். கண்ணில் இரண்டு வகைச் செல்கள். பளிச்சென்ற ஒளிக்குக் கூம்புச் செல், மங்கலுக்குக் குச்சிச் செல். குச்சிச் செல்லில் இருக்கும் ரோடாப்சின் என்னும் நிறமி வெளிச்சம் பட்டால் சிதையும். அது மீண்டும் சேர்ந்து கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். பாதையின் நீளம் ஏழு நிமிடம். வெள்ளை எல்இடி விளக்கின் அடியைக் கடக்கும் அக்காவுக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாம் கன்னங்கரேல். செம்பனைக்குள் யாராவது நின்றால், இருட்டுக்குப் பழகிய அவர் கண்ணுக்கு அக்கா மேடையில் நிற்கிற மாதிரி தெரிவார். ஒற்றை விளக்கு, பார்க்கிறவரை ஒளித்துவிட்டு நடக்கிறவரைக் காட்டிக்கொடுக்கிறது.

விளக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2016-இல் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பெரிய விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடந்த கடும் குற்றங்கள் 36 விழுக்காடு குறைந்தன என்பது ஆய்வாளர் கணக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெருவிளக்குகளை மங்கலாக்கிய, நள்ளிரவில் அணைத்த பகுதிகளைப் பற்றி 2015-இல் வந்த ஆய்வில், அதனால் குற்றம் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆள் புழங்கும் இடத்தில் போட்ட விளக்கும் ஆளில்லாத காட்டோரத்தில் போட்ட விளக்கும் ஒன்றல்ல என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பெண்கள் ‘தேவைக்கு மேல்’ பயப்படுகிறார்கள் என்ற பேச்சு எனக்கு எப்போதும் எரிச்சல் மூட்டும். கென்னத் ஃபெராரோ என்ற சமூகவியலாளர் 1996-இல் இதற்கு விளக்கம் சொன்னார். ஒரு பெண்ணுக்குப் பை பறிபோவது பையோடு நின்றுவிடாது. எந்தக் குற்றத்துக்குப் பின்னாலும் பாலியல் தாக்குதலின் நிழல் நிற்கிறது. பயம் என்பது நடக்கும் வாய்ப்பு மட்டுமில்லை, நடந்தால் என்ன ஆகும் என்பதும்தான். மோட்டாரில் வருகிறவன் பையை இழுத்தால் அத்தை மகன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிடுவான். பாட்டி இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிடுவார். இதில் ஒரு கணக்குப் புதிரும் உண்டு. எட்டு மணிக்கு மேல் வெளியே போகாதவருக்கு எட்டு மணிக்கு மேல் வெளியே ஒன்றும் நடக்காது. பயந்து ஒதுங்கியதால் குறைந்த எண்ணிக்கையைக் காட்டியே, ஏன் பயப்படுகிறாய் என்று கேட்கிறோம்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1973-இல் காட்டியதுபோல, எளிதில் நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ஈப்போவில் நடந்த ஒரே வழிப்பறியின் காணொளி எனக்கு ஐந்து குழுக்களிலிருந்து வந்தது. மூளை அதை ஐந்தாகத்தான் எண்ணும். அதே மூளை, 2023-இல் சாலை விபத்தில் இந்நாட்டில் 6,443 பேர் இறந்ததைக் கண்டுகொள்ளாமல், ஹெல்மெட் போடாமல் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்குக் கிளம்பும்.

இனிச் சொல்வது கொஞ்சம் சங்கடமான பகுதி. ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ரோடன்புஷ் இருவரும் சிகாகோவில் காரில் கேமராவைப் பொருத்தி, இருபத்து மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட தெருப் பகுதிகளைப் பதிவு செய்தார்கள். குப்பை, கிறுக்கல், உடைந்த பாட்டில், தெருவில் கூடிக் குடிப்பவர்கள், எல்லாவற்றையும் எண்ணினார்கள். பிறகு, உங்கள் பகுதி எவ்வளவு சீர்கெட்டிருக்கிறது என்று குடியிருப்பவர்களைக் கேட்டார்கள். 2004-இல் வெளியான முடிவு இது: எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், கறுப்பினத்தவரும் ஏழைகளும் அதிகம் வாழும் இடங்கள் மக்கள் கண்ணுக்குக் கூடுதல் சீர்கேடாகத் தெரிந்தன. கறுப்பினத்தவர்களே கூட அப்படித்தான் பார்த்தார்கள்.

பஸ் நிற்கும் இடத்தில் ஐந்து தமிழ்ப் பையன்கள் மோட்டார் மேல் உட்கார்ந்திருந்தால் கடைக்காரர்கள் கல்லாவைப் பார்த்துக்கொள்வது நமக்குத் தெரியும். அது நமக்கு வலிக்கும். ஆனால் அதே ஐந்து பேரைப் பார்த்து அக்காவும் எதிர்ப்பக்கம் கடந்து போகிறார். அவர்களில் ஒருவன் என் அத்தை மகன் என்பது பக்கத்தில் போகும்வரை அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வரும் வங்காளதேசத் தொழிலாளர்களைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து கைப்பையை இறுக்குகிறோம். நம் தாத்தாக்கள் விட்ட லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய அந்த வரிசை வீட்டில், இன்று இருப்பவர்கள் அவர்கள்.

சாம்ப்சன் குழு 1997-இல் இன்னொன்றும் கண்டது. சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் பேசினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தெருமுனையில் சுற்றினால் அக்கம்பக்கத்தார் தட்டிக் கேட்பார்களா என்பது கேள்விகளில் ஒன்று. கேட்பார்கள் என்ற பகுதிகளில், வறுமையைக் கழித்துப் பார்த்தாலும் வன்முறை குறைவு. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். கள்ளுக்கடைப் பின்னால் சிகரெட் பிடித்தவன் வீடு திரும்புவதற்குள் செய்தி அம்மாவிடம் போயிருக்கும். தோட்டம் விற்கப்பட்டு, ஒரே லயத்தில் இருந்தவர்கள் நாலாபக்கமும் சிதறி, ஃபிளாட்டில் யார் எந்த மாடி என்று தெரியாமல் போன பிறகு, அந்தத் தட்டிக் கேட்கும் உரிமையும் போய்விட்டது. 1975-இல் அரசு தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கத் திட்டம் இதைச் சட்டம் போட்டு வளர்க்கப் பார்த்த முயற்சி. எங்கள் தாமானில் அதன் பலகை இருக்கிறது.

லயத்தைப் பொற்காலமாக்கவும் எனக்கு மனமில்லை. அங்கே பாராங் வெட்டு நடந்தது. கள்ளுக்கடை மூடிய இரவுகளில் எந்த வீட்டில் அலறல் கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் இங்கே 1994-இல்தான் வந்தது. உலக அளவில் மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவிக்கிறாள், பெரும்பாலும் துணைவனிடமிருந்து, என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். என் வரைபடத்தில் சிவப்புத் தீட்ட வீடுகளுக்கு உள்ளே இடமே விடவில்லை என்பதைத் தாளைச் சுருட்டி வைத்தபிறகுதான் கவனித்தேன்.

பாட்டி ஏன் ஊர் முழுவதையும் தீட்டினார் என்று பிறகு கேட்டேன். அவர் பிறந்தது எல்பில் தோட்டம். 1948 ஜூன் 16-இல் அங்கேயும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க, இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 ஜூலையில் முடிந்தபோது ஏழு வயதுப் பிள்ளை கல்யாண வயதை எட்டியிருந்தது. முள்வேலி, ஊரடங்கு, வாசலில் சோதனை. “இருட்டினா உள்ள வந்துடணும்யா. அப்படியே பழகிப்போச்சு.” அவர் தீட்டிய வரைபடம் இந்தத் தாமானுடையது அல்ல.

குறுக்குப் பாதைக்கு ஒரு சின்ன மாற்றம் வந்திருக்கிறது. இரண்டு மாதமாக, பெரிய சாலை முனையில் ஓர் அம்மா மேசை போட்டு வடையும் நாசி லெமாக்கும் விற்கிறார். கம்பத்து விளக்கு நடுவில் சில வாரம் எரியவே இல்லை. ஆனால் அவர் அடுப்பு எரியும்வரை பெண்கள் அந்த வழியே நடக்கிறார்கள். சரக்கு தீர்ந்தால் மேசையை மடித்துவிடுவார். சில நாள் எட்டேகாலுக்கே தீர்ந்துவிடும். அதனால் அக்கா ஷிஃப்ட் முடிந்து வரும்போது பஸ்ஸிலிருந்தே போன் செய்து, “வடை இருக்கா, அம்மா?” என்று கேட்டுக்கொள்கிறார். டாக்டர் அவரை எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது.