புல் மருந்துக்குப் பழகுவதில்லை

இந்தக் காலபோக மாரி நெற்செய்கையிலும் அதே கதைதான். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்களில், களைநாசினி அடித்த பிறகும், நெல்லுக்கு மேலே குதிரைவாலிப் புல் தலை நீட்டி நிற்கிறது. "மருந்து கலப்படம், தம்பி" என்கிறார் ஒருவர். "புல்லு மருந்துக்குப் பழகிட்டுது, அடுத்தமுறை ரெண்டு மடங்கு அடிச்சால் சரி" என்கிறார் மற்றவர். விவசாயப் போதனாசிரியராக இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

பழகவில்லை, ஐயா. மருந்து பட்ட புல் அடுத்த போகத்துக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்வதில்லை. நீங்கள் தெளிப்பதற்கு முன்பே ஒன்றிரண்டு புல் அந்த வயலில் வேறு மாதிரி இருந்தது. மற்றவை செத்தன, அது பிழைத்து விதை கொட்டியது. போகத்துக்குப் போகம் ஒரே மருந்தை அடித்தால் மிஞ்சுவது அதன் பரம்பரைதான். அதைத் தெரிந்தெடுத்ததே நம் தெளிப்பு.

மருந்தைச் சிதைக்கும் நொதியங்களை (என்சைம்) ஆக்கும் பரம்பரையலகுகள் (ஜீன்) நெல்லிலும் உண்டு, புல்லிலும் உண்டு. அடுப்பு இரண்டிலும் இருக்கிறது, தீயின் அளவுதான் வேறு. கலிபோர்னிய நெல்வயல்களில் வளரும் இதன் உறவுப் புல்லை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். மருந்துக்குச் சாகாத புல்லில் இப்படியான இரண்டு பரம்பரையலகுகள், சாகும் புல்லில் இருப்பதைவிடக் கூடுதலாக வேலை செய்தன. ஒரே நொதியம் வேறு வேறு மருந்துகளையும் சிதைக்கலாம். போத்தலின் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லாமல் போவது இதனாலும்தான். பெயரை விடுங்கள், மருந்து எந்த இரசாயனக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று கடையில் கேளுங்கள்.

குறைத்து அடிப்பதும் கேடு. மருந்தை அரைகுறையாகச் சிதைக்கும் புல்கூட அதில் தப்பி விதை கொட்டிவிடும். இரண்டு மடங்கு அடித்தாலோ நெல்தான் கருகும். லேபிளில் உள்ள அளவை, புல் இரண்டு மூன்று இலையில் நிற்கும்போது அடியுங்கள். ஆள் முழங்காலளவு வளர்ந்த புல்லுக்கு அடித்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

குளத்துத் தண்ணீர் உள்ளவர்கள் வயலில் நீரைக் கட்டி வையுங்கள், நீருக்கடியில் இந்தப் புல் முளைப்பது குறையும். மானாவாரிக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் முதல் மழைக்கு முளைக்கவிட்டு, உழுது அழித்து, அதன் பிறகு விதைக்கலாம். விதைநெல்லில் புல்விதை கலந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுவடை மெசின் பக்கத்து வயலிலிருந்து வருகிறதென்றால் இறங்குமுன் துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

மருந்துக்குத் தப்பி நிற்பதைத் தயவுசெய்து கையால் பிடுங்குங்கள். தண்டோடு இலை சேரும் இடத்தில் நெல்லுக்கு ஒரு சிறு நாக்கு இருக்கும், இந்தப் புல்லுக்கு இராது. அடையாளம் அவ்வளவுதான். கதிர் முற்றுமுன் பிடுங்கி, வரம்பில் போடாமல் வயலுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.