வயர் ஒன்றுதான், பக்கத்து வீட்டில் மட்டும் எப்படி ஓடுகிறது?

வள்ளியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “அண்ணாச்சி, பக்கத்து வீட்டுல மேட்ச் ஓடுது. எங்க வீட்டுல மட்டும் சந்தா முடிஞ்சிட்டுன்னு வருது. போஸ்ட்ல இருந்து வார வயரு ஒண்ணுதான? ஒருத்தரும் வந்து கழத்தவும் இல்ல. பொறவு எப்படி நிப்பாட்டுதாவ?”

ஊடகம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் நாம் உடனே முதலாளி பெயரையும் கட்சிப் பெயரையும் சொல்லிவிடுவோம். இவர் கேள்வி அதைவிட நல்ல இடத்தில் கை வைக்கிறது. ஓடுகிற படத்தை நிறுத்தும் விசை எங்கே இருக்கிறது, அதைத் தொடும் உரிமை யாருக்கு?

படம் வரும் வழி உங்களுக்குத் தெரிந்ததுதான். சேனல் அலுவலகத்திலிருந்து செயற்கைக்கோளுக்கு, அங்கிருந்து ஹெட்எண்ட் எனப்படும் கேபிள் தலைமை நிலையத்து டிஷ்ஷுக்கு, பிறகு ஃபைபர், தெருக் கம்பம், வீடு. அனலாக் காலத்தில் காசு தராவிட்டால் கேபிள்காரர் ஏணியோடு வந்து வயரைக் கழற்றுவார். அதாவது விசை அவர் கையில் இருந்தது. டிஜிட்டல் முறைக்கு வந்தபின் ஏணி தேவைப்படவில்லை.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. வயரில் வருவது 188 பைட் கொண்ட சின்னச் சின்னத் தகவல் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் முதல் பைட்டும் 71 என்ற எண்தான். அதை வைத்துத்தான் பொட்டலம் எங்கே தொடங்குகிறது என்று செட்டாப் பாக்ஸ் கண்டுபிடிக்கிறது. அடுத்த மூன்று பைட்டுக்குள் ஒரு மூலையில் இரண்டே இரண்டு பிட்கள், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கங்கள், உண்டு. உள்ளே இருப்பது வெளிப்படையானதா, கலைத்துப் போட்டதா, கலைத்திருந்தால் எந்தச் சாவியால் என்பதை அவை சொல்லும்.

அந்தச் சாவி 64 பிட் நீளமுள்ள ஓர் எண். அதில் 16 பிட் சரிபார்ப்புக்குப் போய்விடும். மீதி 48 பிட்டில் சுமார் 281 லட்சம் கோடி சாவிகள் சாத்தியம். ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாமே என்றால், பத்து விநாடிக்கு ஒருமுறை போல சாவியே மாறிக்கொண்டிருக்கும். மாறும்போது படம் ஒரு கணம்கூட நடுங்காது. ஏனென்றால் பாக்ஸிடம் எப்போதும் இரண்டு சாவிகள் இருக்கும்: இப்போது பயன்படுவது ஒன்று, அடுத்து வரப்போவது ஒன்று. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று அவற்றுக்குப் பெயர்; ஒற்றைப்படைச் சாவி ஓடும்போதே இரட்டைப்படைச் சாவி வந்து காத்திருக்கும். நான் சொன்ன இரண்டு பிட்கள்தான் ‘இனி அதை எடு’ என்று பாக்ஸுக்குச் சொல்கின்றன. மேட்சில் ஒரு ஓவர் முடிவதற்குள் இது பல தடவை நடந்துவிடும்.

சரி, சாவி எப்படி வருகிறது? அதே வயரில்தான், எல்லா வீட்டுக்கும்தான் வருகிறது. ஆனால் சாவியும் மறையாக்கம் செய்யப்பட்டே வரும். அதைத் திறக்கும் வல்லமை பாக்ஸில் இருக்கும் கார்டுக்கோ சிப்புக்கோ மட்டும் உண்டு. அதுவும், ‘இந்த எண்ணுள்ள கார்டு இந்தத் தேதி வரை இந்தச் சேனல்களைத் திறக்கலாம்’ என்று ஹெட்எண்டிலிருந்து அனுமதிச் செய்தி வந்திருந்தால்தான் திறக்கும். உங்கள் கார்டுக்கான செய்தி பக்கத்து வீட்டு வழியாகவும் போகிறது. அந்தக் கார்டு தன் எண் இல்லை என்று விட்டுவிடுகிறது. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் எல்லா வயலிலும் நிறைந்து நிற்க, தீர்வை கட்டாதவர் பயிர் மட்டும் குடிக்க முடியாமல் வாடினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இது. வாசகியின் வீட்டிலும் மேட்ச் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வழக்கமான கேபிள் பாக்ஸ் வாங்கும், திருப்பிச் சொல்லாது. அனுமதிச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று ஹெட்எண்டுக்குத் தெரிய வழியில்லை. அதனால் அதே செய்தியைத் திரும்பத் திரும்பச் சுற்றில் விடுகிறார்கள். பணம் கட்டியபின் கேபிள்காரர், “அரை மணி நேரம் பாக்ஸை ஆன்லயே வைங்க, வந்துரும்” என்கிறாரே, அவர் நம்மைச் சமாளிக்கவில்லை. உங்கள் எண் சுற்றில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மாதக் கடைசியில் பிளக்கைப் பிடுங்கி வைத்தால் ‘கட்’ ஆகாது என்று ஒரு வித்தை ஊரெல்லாம் உலவுகிறது. அனுமதியிலேயே காலாவதித் தேதி இருந்தால் அந்த வித்தை பலிக்காது. பக்கத்து வீட்டுக் கார்டைக் கடன் வாங்கிச் செருகினாலும், கார்டும் பாக்ஸும் ஜோடி சேர்க்கப்பட்டிருந்தால் ஓடாது. மேட்ச் நடுவே திரையில் திடீரென்று ஓர் எண் தோன்றி மறையும், பார்த்திருப்பீர்கள். அது உங்கள் பாக்ஸின் அடையாள எண். யாராவது திரையைப் படம்பிடித்துத் திருட்டுத்தனமாக ஒளிபரப்பினால், அந்த ஒரு பாக்ஸை மட்டும் நிறுத்தலாம்.

இந்த மறையாக்க முறைகளுக்கு நாம் வெகுகாலம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பெட்டிக்கு 4, 5 டாலர் உரிமக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். மத்திய அரசின் நிதியுதவியுடன் பெங்களூரில் ஐகாஸ் என்று உள்நாட்டு முறை ஒன்றை உருவாக்கி, அரை டாலருக்குத் தர முன்வந்தார்கள். நாட்டில் பெரும்பாலான பெட்டிகள் பொருத்தி முடியும் தறுவாயில்தான் அது வந்தது. ஆராய்ச்சிக்கு நாம் பணம் ஒதுக்கும் வேகம் இப்படி. கிடக்கட்டும்.

ஆக, விசை கம்பத்திலிருந்து ஹெட்எண்ட் கணினிக்கு ஏறிவிட்டது. அது யாருடையது என்பதில்தான் தமிழ்நாட்டு அரசியலே சுழன்றது. சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கோலோச்சிய காலத்தில், 2007-ல் அரசு கேபிள் நிறுவனம் தொடங்கப்பட்டது. முதலில் அமைந்த நான்கு ஹெட்எண்ட்களில் ஒன்று நம்ம திருநெல்வேலியில். 2011-ல் மாதம் 70 ரூபாய் என்று மறுபடி உயிர் கொடுத்தார்கள். அரசுகளும் கட்சிகளும் ஒளிபரப்பு விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-லும் 2012-லும் பரிந்துரைத்தது. ஆனாலும் 2017-ல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விலை குறைந்தது நல்லதுதான். ஆனால் அரசை விமர்சிக்கும் செய்திச் சேனலின் அனுமதிப் பட்டியல் அரசு மேசையில் இருப்பது நல்லதல்ல. நிறுத்தவே வேண்டாம், சேனல் எண்ணைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாலே போதும். ரிமோட்டில் அவ்வளவு தூரம் போக யாருக்குப் பொறுமை? அதனால்தான் ஒதுக்கிய எண்ணை ஓராண்டுக்காவது மாற்றக் கூடாது என்று விதியே போட்டார்கள்.

போனில் கதை வேறு. கேபிள் பாக்ஸ் நம்மை வேவு பார்க்கிறது என்று பயப்படுகிறவர்கள், பார்த்ததையெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் திருப்பிச் சொல்லும் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார்கள். யூடியூப் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, பல லட்சம் வீடியோக்களிலிருந்து முதலில் சில நூறு பொறுக்கப்படும். அப்புறம், எதை நீங்கள் அதிக நேரம் பார்ப்பீர்கள் என்ற கணிப்பின்படி வரிசை போடப்படும். எதையும் தடுக்க வேண்டியதில்லை. வரிசைதான் விசை, அதுவும் ஆளுக்கு ஒரு வரிசை.

இந்த எல்லாக் கைகளுக்கும் மேலே இன்னொரு கை உண்டு. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் 27-ஆம் தேதி வரை இணையத்தை நிறுத்தச் சொல்லி உள்துறைச் செயலர் உத்தரவிட்டார். போனில் பேச முடிந்தது, வாட்ஸ்அப் போகவில்லை. பேச்சுக்கும் இணையத்துக்கும் நிறுவனத்துக்குள் தனித்தனிப் பாதை. இரண்டாவதன் வாசலை மட்டும் சாத்தினார்கள். கேபிளில் ஒரே ஒரு கார்டைக் குறிபார்த்து நிறுத்த முடிகிறது. இங்கே, போராட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அம்பாசமுத்திரத்துக் கடைக்காரருக்கும் சேர்த்தே நின்றது. இப்படிப்பட்ட உத்தரவுகளைப் பொதுவில் வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியிட்டால்தான் எதிர்த்து வழக்குப் போட முடியும். யூடியூபின் வரிசையில் கீழே போன வீடியோவுக்கு, எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக அப்படி ஒரு காகிதமும் கிடையாது.